வட்டுவாகலில் கடலுக்கு வழிவிடுக!

முல்லைத்தீவு வட்டுவாகலில் புதிய பாலம் அமைக்கும் வேலை 2025 செப்டெம்பர் 2 ஆந் திகதி சனாதிபதியால் தொடக்கி வைக்கப்பட்டது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நகருக்குச் செல்லும் ஏ-35 பெருந்தெருவிலே, நந்திக்கடல் கடலோடு கலக்கும் இடத்தில், ஒடுங்கித் தாழ்ந்து கிடக்கும் பழைய பாலத்தினால் அப்பகுதி மக்கள் பட்ட அல்லல் சொல்லுந் தரமன்று. மாரி காலத்தில் வெள்ளம் பாலத்தின் மேலாகப் பாய்வதும், நோயாளரும் மாணவரும் சந்தைக்குப் போவோரும் இரு கரையிலும் தவித்து நிற்பதும் ஆண்டுதோறும் நாம் கண்ட காட்சி. ஆகவே புதிய பாலத்தை நாம் மனமார வரவேற்கின்றோம். காலந் தாழ்த்தியேனும் கிடைத்த இந்த உரிமையை யாரும் அருளிய வரமென்று நாம் கொள்ளவில்லை. வரிசெலுத்தும் குடிமக்களுக்கு அரசு செய்யக் கடமைப்பட்டது என்றே கொள்கின்றோம்.

ஆனால், பாலத்தின் மேலே எத்தனை வாகனங்கள் செல்லும் என்று கணக்குப் பார்த்தவர்கள், அதன் கீழே எவ்வளவு நீர் செல்லும் என்பதையும் கணக்குப் பார்த்தார்களா? இக்கேள்வியை இன்று கேளாவிட்டால் இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்குக் கேட்டும் பயனில்லை. கொங்கிறீற்றில் எழுதப்பட்ட தவறைத் திருத்துவது கடதாசியில் எழுதிய தவறைத் திருத்துவது போன்றதன்று.

நந்திக்கடல் என்ற பெயர் 2009 ஆம் ஆண்டு மே மாதத்தின் பின்னர் உலகெங்கும் அறியப்பட்ட பெயராயிற்று. அந்தப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம் மக்களின் நெஞ்சில் எழும் துயரத்தை இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் துயரத்துக்கு முன்னும் பின்னும் நந்திக்கடல் ஒரு வாழும் நீர்நிலை. பேராறும் வேறு சிற்றாறுகளும் மேற்கிலிருந்து கொண்டுவரும் மழைநீரும், வட்டுவாகலால் உள்ளே புகும் கடல்நீரும் கலந்து உண்டான களப்பு அது. அதன் கரையிலே வற்றாப்பளை அம்மன் கோயில் கொண்டிருக்கின்றாள். கடல்நீரை எடுத்துவந்து அதிலே விளக்கெரிக்கும் வழக்கம் அக்கோயிலுக்கு உரியது. நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையில் வாழப் பழகிய மக்களின் வழிபாடு அது. அக்களப்பைச் சுற்றி வயலும் தென்னையும் பனையும் உண்டு. இறாலும் நண்டும் மீனும் பிடித்துச் சீவிக்கும் குடும்பங்கள் உண்டு.

களப்பின் ஓரமெங்கும் உவர்த் தரவையும் சேற்று நிலமும் கிடக்கின்றன. உமரி படர்ந்து, கண்டல் அடர்ந்து, காற்பங்கு நிலமும் முக்காற்பங்கு நீருமாய்க் கிடக்கும் அந்த நிலத்தைப் பாழ்நிலம் என்று எழுதிவைத்த உத்தியோகத்தர்கள் பலர். அது பாழ்நிலமன்று. இறால் கடலிலே முட்டையிடுகின்றது. அதன் குஞ்சு வற்றுப்பெருக்கோடு களப்புக்குள் வந்து, தரவையின் சேற்றிலும் கண்டலின் வேரிலும் இரைதேடி வளர்ந்து, பின்னர் இனம்பெருக்கக் கடலுக்குத் திரும்புகின்றது. உள்ளே வரவும் வழி வேண்டும். வெளியே போகவும் வழி வேண்டும். வழி அடைபட்டால் அந்த ஆண்டின் இறால் இல்லை. அடுத்த ஆண்டின் இறாலுக்கு வித்தும் இல்லை.

இலங்கைக் கரையிலே கடலின் ஏற்றமும் இறக்கமும் மிகச் சிறியவை. மேலைநாட்டுத் துறைமுகங்கள் சிலவற்றில் பல மீற்றர் உயரத்துக்குப் பெருகும் நீர், எமது கரையில் பூரணை, அமாவாசை நாள்களிலுங்கூட ஒரு மீற்றரை எட்டுவதில்லை. ஆகவே இங்கு இது பெரிய காரியமன்று என்று சிலர் வாதிப்பர். உண்மை இதற்கு நேர்மாறானது. பெருகும் நீர் சிறிதாகையாலேயே சிறு தடையும் அதனை முற்றாக மறித்துவிடும். பிற நாட்டில் பெருக்கு மேவிச் செல்லக்கூடிய ஒரு மண்திட்டு, எமது நாட்டில் மதிலாக நிற்கும். பாலத்தின் அடியிலே நிரவப்பட்ட கல்லும் மண்ணும் ஒரு முழ உயரம் இருந்தாற் போதும். உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான ஏக்கர் நீருக்கு அது விலங்காகிவிடும்.

வட்டுவாகலில் நீர்வழியை அடைப்பவை மூன்று. முதலாவது இயற்கை. கரையோர நீரோட்டம் கொண்டுவந்து சேர்க்கும் மணல், ஆற்றுவெள்ளம் குறைந்த மாதங்களில் தொடுவாயை மூடிவிடுகின்றது. இரண்டாவது மனிதன் கட்டிய தாழ்ந்த பாலமும் அதன் இரு பக்கத்து மண்ணணையும். மூன்றாவது, காடழிந்த நிலங்களிலிருந்து மாரிதோறும் வந்து படியும் வண்டல். இவற்றுள் முதலாவதோடு நம் மக்கள் பரம்பரை பரம்பரையாகப் பழகியிருக்கின்றனர். தொடுவாய் எப்போது தானாக உடைக்கும், எப்போது வெட்டவேண்டும் என்பது கரையோரத்து முதியவர்க்குக் கைவந்த அறிவு. மற்றைய இரண்டுமே நம் காலத்தில் ஏறிய சுமை.

தொடுவாய் மூடிக் கிடக்கும்போது நடப்பது யாது? சோளகக் காற்றும் வெயிலும் ஆழங்குறைந்த களப்பின் நீரை உறிஞ்சுகின்றன. உப்போ ஆவியாவதில்லை, அது உள்ளேயே எஞ்சுகின்றது. கடல்நீரில் ஆயிரம் பங்குக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு உண்டு. அடைபட்ட களப்பில் வரட்சி நீடித்தால் உப்பு அந்த அளவையும் மிஞ்சும். நீர் சுடும், அதிலே கலந்துள்ள பிராணவாயு குறையும், மீன் செத்து மிதக்கும். பின்னர் மாரி பிறந்ததும் கதை தலைகீழாகும். ஆறுகள் ஒருங்கே இறக்கும் வெள்ளத்துக்குப் போக்கிடம் இல்லாமையால் நீர் பின்னோக்கி எழுந்து காலபோகப் பயிரை மூடும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி வன்னியெங்கும் கொட்டிய மழையைக் கண்டவர்களுக்கு, கடலுக்கு வழியில்லாத வெள்ளம் என்ன செய்யும் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் கமக்காரரின் அச்சத்தை நாம் நேர்மையாக எடுத்துப் பேசவேண்டும். கடல்நீரை உள்ளே விடுங்கள் என்று ஒருவன் சொன்னால், வயல் வைத்திருப்பவன் திடுக்கிடுவது நியாயமே. உவரேறிய வயலின் துன்பம் அவனுக்குத் தெரியும். நாற்று மஞ்சளித்துக் கருகும்; ஒரு போகம் போனாற் போகட்டும் என்று விடமுடியாதபடி மண்ணே கெடும். கொழும்புக்கு வடக்கே முத்துராசவெலை என்ற பெருஞ் சதுப்பு, ஒருகாலத்தில் நெல்விளைந்த நிலம் என்றும், அந்நியர் ஆட்சியில் வெட்டப்பட்ட கால்வாய் வழியே கடல்நீர் புகுந்து அந்த விளைச்சலை அழித்தது என்றும் சொல்லப்படுகின்றது. ஆராயாமல் வெட்டிய வாய்க்காலுக்கு உழவன் கொடுத்த விலை அது. அந்த விலையை முல்லைத்தீவுக் கமக்காரன் கொடுக்கவேண்டும் என்று நாம் ஒருபோதும் சொல்லமாட்டோம்.

ஆயினும் நாம் கேட்பது கடல்நீரை வயலுக்கு விடுவதையன்று. தரவைக்கும் சதுப்புக்கும் உரிய நீரை அவற்றுக்கு விடுவதை. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. தொடுவாயை மூடிவைத்தால் உவர் வராது என்று எண்ணுவதும் தவறு. அடைபட்டுக் காய்ந்து கடலினும் கொடிதாய் உவர்த்த நீரே மாரியின் முதல் வெள்ளத்தோடு எழுந்து வயலின் ஓரத்தைத் தின்கின்றது. தாராளமாக வந்துபோகும் நீர் அவ்வளவு கொடிதாய் உவர்ப்பதில்லை; மாரி வெள்ளமும் விரைவில் வடிகின்றது. வயலுக்கும் தரவைக்கும் இடையே உவர்நீர்த் தடுப்பணையும், வயல்நீர் வெளியே போகத் திறந்து கடல்நீர் உள்ளே வர முயலும்போது தானாக மூடிக்கொள்ளும் ஒருவழிக் கதவும் அமைத்தால் இரு தொழிலும் வாழும். இவை புதுமையான கருவிகளல்ல. உலகின் கரையோர வயல்நாடுகள் நெடுங்காலமாகக் கையாளும் முறைகள்.

சதுப்பை வற்றவைத்து வயலாக்கிவிடலாம் என்று ஆசைகாட்டுவோரையும் நாம் எச்சரிக்கின்றோம். கண்டற் சேற்றில் கந்தகச் சேர்மங்கள் அடங்கிக் கிடக்கும். நீர் மூடியிருக்கும்வரை அவற்றால் தீங்கில்லை. நீர் வற்றிக் காற்றுப் பட்டால் அவை அமிலமாக மாறும். அந்த நிலத்தில் நெல்லும் விளையாது. அதிலிருந்து வடியும் நீரில் மீனும் வாழாது. இருந்ததும் போய், எதிர்பார்த்ததும் வராத நிலைதான் மிஞ்சும்.

கடலுக்கு வழிவிட்டு வாழ்வு பெற்ற களப்பு உலகில் எங்கேனும் உண்டா என்று கேட்போர் வங்காள விரிகுடாவின் மறுகரையைப் பார்க்கட்டும். இந்தியாவின் ஒடிசா மாநிலத்திலுள்ள சிலிக்கா ஏரி, வண்டலும் மணலும் சேர்ந்து கடலோடு இருந்த தொடர்பு நலிந்து, நன்னீர்ப் பாசி மண்டி, மீன் அருகி, 1993 இல் கெட்டுவரும் ஈரநிலங்களின் அனைத்துலகப் பட்டியலிலே ஏற்றப்பட்டது. அம்மாநில அரசு அமைத்த சிலிக்கா அபிவிருத்தி அதிகாரசபை, பூனாவிலுள்ள மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்தைக் கொண்டு நீரோட்டத்தை ஆராய்வித்தது. அதன் பின்னரே 2000 செப்டெம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. 1999-2000 இல் ஏறத்தாழ 1,700 தொன்னாக இருந்த மீன்பிடி 2001-2002 இல் 12,000 தொன்னை அண்மியது. 2002 இல் அந்த ஏரி குறித்த பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மாயம் ஒன்றும் நடக்கவில்லை. முதலில் அளந்தார்கள், பிறகு வெட்டினார்கள், அதன் பின்பும் அளந்துகொண்டே இருந்தார்கள்.

எமது மண்ணிலே அரைகுறையாக விடப்பட்ட வேலையின் பாடமும் உண்டு. 1954 இல் பொறியியலாளர் ஆறுமுகம் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற திட்டத்தை முன்வைத்தார். கனகராயன் ஆறு இரணைமடுவைக் கடந்து வந்து விழும் ஆனையிறவுக் களப்பை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் களப்புக்குக் கொண்டுசென்று, குடாநாட்டின் கிணறுகளைக் காப்பது அதன் நோக்கம். நோக்கம் உயர்ந்தது, அதனை வகுத்தவரின் அறிவும் உழைப்பும் போற்றத்தக்கவை. ஆனால் நடந்தது என்ன? ஆனையிறவில் தெருவுக்கும் புகையிரதப் பாதைக்கும் கீழிருந்த நீர்வழிகள் அடைக்கப்பட்டன. சுண்டிக்குளத்தில் கட்டிய அணை உடைந்தது. முள்ளியான் வாய்க்கால் முற்றுப்பெறவில்லை. அடைக்கும் வேலை முடிந்தது. கொடுக்கும் வேலை முடியவில்லை. குடாநாட்டுக் கமக்காரனுக்கு நன்னீர் வந்து சேரவில்லை. களப்பை நம்பியவனுக்குக் கடல்நீரும் தாராளமாய்க் கிட்டவில்லை. அத்திட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் வேறு. நீரை மறிப்பதானாலும் திறப்பதானாலும் முழுவதையும் எண்ணிச் செய்யாத வேலை இரு பக்கத்தாரையும் ஏமாற்றும் என்பதே நாம் இங்கு கொள்ளும் பாடம்.

இனிச் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். நந்திக்கடல் ஒன்று, அதற்கு எசமானர் பலர். பெருந்தெரு, வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியது. கடலோடு நிரந்தரமாகவோ இடைக்கிடையோ தொடர்புள்ள களப்புகள் 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்துக்குள் அடங்குகின்றன; 2011 இல் செய்த திருத்தம் அவற்றின் ஓரத்து நிலத்தையும் அதனுள் சேர்த்தது. மீன்பிடி 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகின்றது. வயல், கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பார்வையில் உள்ளது. இவையெல்லாம் போதா என்று 2017 இல் நந்திக்கடலும் நாயாறும் இயற்கை ஒதுக்கிடங்களாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டு வனசீவராசிகள் திணைக்களத்தின் கைக்கு மாறின. தாம் பரம்பரையாக ஆண்ட நிலமும் அந்த எல்லைக்குள் அகப்பட்டுவிட்டது என்று மக்கள் முறையிட்டு வருகின்றனர். ஆனால் இத்தனை எசமானருள் தொடுவாய் அடைபட்டதற்குப் பொறுப்பாளர் யார் என்று கேட்டால், ஒவ்வொரு கந்தோரும் அடுத்த கந்தோரைக் கைகாட்டும்.

காப்பது என்ற சொல்லை நாம் மறுக்கவில்லை. பறவையும் கண்டலும் காக்கப்படத்தான் வேண்டும். ஆனால் களப்பைக் காப்பதற்கு முதற்கருவி அதன் நீரோட்டம்; எல்லைக்கல் அன்று. நீர் அடைபட்டுச் சாகும் களப்பைச் சுற்றிக் கல்நாட்டி, அதன் கரையில் வலைவீசுபவனைக் குற்றவாளியாக்குவது காவலாகாது. இயற்கை வளங்களை அரசு தன் விருப்பப்படி ஆள்வதற்கில்லை, மக்களின் பொருட்டுக் காக்கும் பொறுப்பே அதற்கு உரியது என்ற கோட்பாட்டை எமது உயர் நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டில் எப்பாவலைப் பொசுபேற்று வழக்கிலே வலியுறுத்தியது. எப்பாவலைக் கமக்காரருக்குப் பொருந்திய நீதி முல்லைத்தீவுக் கமக்காரருக்கும் கடற்றொழிலாளருக்கும் பொருந்தாதா?

இவ்வளவு கந்தோர்களையும் ஒரு மேசையில் இருத்திக் கேள்வி கேட்கவேண்டிய சபை வட மாகாண சபை. 2018 அக்டோபரில் அதன் பதவிக்காலம் முடிந்தபின் அதற்கு இன்னும் தேர்தல் நடத்தப்படவில்லை. மக்கள் தெரிந்த சபை இல்லாத மாகாணத்தில் ஆற்றின் வாயும் களப்பின் வாயும் மட்டுமல்ல, மக்களின் வாயும் அடைபட்டே கிடக்கின்றது. பாலங்கள் கட்டுவதனால் அந்தக் குறை தீர்ந்துவிடாது. தன்னாட்சி என்று நாம் மேடையிலே பேசுவது வானத்துப் பொருளன்று. எந்த நாளில் தொடுவாயை வெட்டுவது என்பதை அந்தக் கரையில் வாழ்பவனே தீர்மானிக்கும் உரிமையும் அதனுள் அடங்கியதுதான்.

ஆகவே நாம் கோருவன இவை. முதலாவதாக, புதிய பாலத்தின் வரைபடமும் அதன் கண்களின் அகலம், ஆழம் பற்றிய கணக்கும் தமிழிலே வெளியிடப்பட்டு, பிரதேச செயலகத்திலும் கமநல நிலையத்திலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். பெருமழை வெள்ளம் வடிவதற்கு வேண்டிய அளவோடு, வரட்சியில் கடல்நீர் வந்துபோவதற்கு வேண்டிய ஆழமும் அதில் காட்டப்படவேண்டும். இரண்டாவதாக, புதிய பாலம் திறந்ததும் பழைய பாலத்தின் தூண்களும் கல்லும் மண்ணணையும் நீரடிவரை அகற்றப்படவேண்டும். பயனற்ற பழைய பாலம் நீருக்குள்ளே அணையாக எஞ்சுமானால் புதிய பாலத்தின் பெருமையால் களப்புக்கு ஒரு பயனும் இல்லை. மூன்றாவதாக, வயலோரங்களில் உவர்நீர்த் தடுப்பணைகளும் ஒருவழிக் கதவுகளும் நீர்வழி அகலமாகுமுன்னரே அமைக்கப்படவேண்டும். பின்னர் பார்ப்போம் என்ற வாக்குறுதியை எந்தக் கமக்காரனும் ஏற்கலாகாது.

நான்காவதாக, தொடுவாய் வெட்டும் நாளைத் தீர்மானிக்கக் கமக்காரர் அமைப்புகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் சமமாக இருக்கும் குழுவொன்று மாவட்டச் செயலகத்தில் அமையவேண்டும். களப்பின் பல இடங்களில் நீர்மட்டக் கோல்கள் நாட்டப்பட்டு, எந்த அளவில் வெட்டுவது என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்கவேண்டும். முந்தி வெட்டினால் களப்பு வடிந்து மீன் போகும். பிந்தி வெட்டினால் வயல் மூழ்கும். இதனை இரவோடிரவாக ஒரு பகுதியார் செய்வதும் மறுபகுதியார் பொலிசுக்கு ஓடுவதும் நமக்குள் நாமே மூட்டும் பகை. ஐந்தாவதாக, உப்பின் அளவும் மீன்பிடியின் அளவும் மாதந்தோறும் அளந்து வெளியிடப்படவேண்டும். அளவு தெரியாத இடத்தில்தான் வதந்தி ஆட்சி செய்கின்றது. ஆறாவதாக, 2017 ஆம் ஆண்டின் ஒதுக்கிட எல்லை மக்களின் முன்னிலையில் மீள அளக்கப்பட்டு, வயலும் குடியிருப்பும் அதிலிருந்து நீக்கப்பட்டு, பரம்பரைத் தொழிலின் உரிமை எழுத்திலே உறுதிசெய்யப்படவேண்டும்.

இவற்றுள் எதுவும் பெருந்தொகை கேட்கும் கோரிக்கையன்று. வரைபடத்தைக் காட்டப் பணம் வேண்டாம்; குழுவைக் கூட்டப் பணம் வேண்டாம். தடுப்பணைக்கும் பழைய கல்லை அகற்றுவதற்கும் ஆகும் செலவு, வெள்ளத்தில் மூழ்கிய பயிருக்கு ஆண்டுதோறும் நட்டஈடு கொடுக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படட்டும்.

எம் படித்த வகுப்பாருக்கும் ஒரு சொல். பொறியியலாளரும் நிலஅளவையாளரும் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் இம்மக்களின் பிள்ளைகள். இறால் பிடித்த கையும் ஏர் பிடித்த கையுமே அவர்களுட் பலரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பின. பாலத்தின் வரைபடம் வெளியானதும் அதனை வாசித்து, வட்டுவாகல் மக்களுக்கு விளங்கும் தமிழில் எடுத்துச் சொல்வது அவர்களின் கடமை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் நாட்டில் இருக்கின்றது. வரைபடம் தானாக வெளிவராவிடில் அதைக் கேட்டு விண்ணப்பம் எழுதுவது ஒரு மாலைப்பொழுதின் வேலை.

கமக்காரப் பெருமக்களுக்கும் கடற்றொழிலாளத் தோழர்களுக்கும் நாம் சொல்வது இது. உங்களை இரு கட்சியாக்கி நடுவில் நின்று தீர்ப்புச் சொல்ல எத்தனையோ பேர் காத்திருக்கின்றனர். வயலுக்கு உவர் வராத காவலைக் கடற்றொழிலாளர் கேட்கட்டும். களப்புக்குக் கடல்நீர் வரும் வழியைக் கமக்காரர் கேட்கட்டும். ஒரே மனுவில் இரு கையெழுத்தும் இருக்குமானால் அதனை எந்தக் கந்தோரும் இலகுவில் ஒதுக்கிவைக்க முடியாது. பாலத்தின் தூண்கள் எழுந்து முடியுமுன் அந்த மனு போய்ச் சேரவேண்டும். அதற்கான கூட்டத்தை இந்தச் சிறுபோகம் முடிவதற்குள் கூட்டுக.